ஆளைப் பார்க்காமல் தாளைப் பார்ப்போம்: கைது பற்றி ஓர் எளிய விளக்கம்

கூடலூரிலோ கோத்தகிரியிலோ ஒருவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனால், ஜீப் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊர் இரண்டாகிவிடுகிறது. "அந்த ஆளுங்களே அப்படித்தான்" என்கிறது ஒரு வாட்ஸ்அப் குழு. "இல்லாதவன்னா உடனே தூக்கிடுவாங்க" என்கிறது இன்னொன்று. இரண்டு பேச்சும் பிடிபட்டவர் என்ன சாதி, எந்த ஊர், என்ன மொழி என்பதையே சுற்றிச் சுற்றி வருகின்றன. எந்தப் பிரிவில் கைது, எத்தனை மணிக்கு, காரணத்தை எழுதிக் கொடுத்தார்களா என்று கேட்க ஆளில்லை.

நீலகிரியில் இந்தப் பேச்சுக்குக் கூடுதல் எடை உண்டு. தமிழ்நாட்டில் மிகவும் பின்தங்கிய நிலையில் இருப்பதாக அரசு தனியாக வகைப்படுத்திய பழங்குடிகள் ஆறு: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். ஆறு பேருமே இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். இலங்கையிலிருந்து திரும்பி வந்து தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் இலை பறிக்க வந்தவர்கள் இருக்கிறார்கள். கேரளமும் கர்நாடகமும் கூப்பிடு தூரம். 'நம்ம ஆள்', 'வெளியாள்' என்று பிரித்துப் பார்ப்பதற்கு இங்கே கோடுகள் ஏராளம்.

ஒரு கைது நியாயமானதா என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. அதற்குப் பெரிய சட்டப் படிப்பு வேண்டியதில்லை.

நான்கு நிலைகள், நான்கும் வேறு

முதலில் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விசாரணை, கைது, ரிமாண்ட், தண்டனை ஆகிய நான்கையும் 'உள்ளே போட்டுட்டாங்க' என்ற ஒரே பேச்சில் முடித்துவிடுகிறோம்.

விசாரணை என்பது போலீஸ் தகவல் கேட்பது. இதற்கு வருபவர் சாட்சியாகவும் இருக்கலாம். பெண்கள், 15 வயதுக்குக் குறைந்த அல்லது 60 வயதைத் தாண்டிய ஆண்கள், உடல் ஊனமோ கடும் நோயோ உள்ளவர்கள் ஆகியோரைச் சாட்சியாக விசாரிக்க ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போலீஸ் போக வேண்டும்.

கைது என்பது ஒருவருடைய நடமாட்டத்தைச் சட்டத்தின் பெயரால் நிறுத்துவது. விலங்கு மாட்டினால்தான் கைது என்றில்லை. 'சும்மா பெஞ்சில உக்கார வச்சிருந்தோம்' என்றாலும், எழுந்து வீட்டுக்குப் போக விடவில்லை என்றால் அதுவும் தடுத்து வைப்புதான்.

ரிமாண்ட் என்பது, கைதானவரை மேற்கொண்டு காவலில் வைக்கலாம் என்று மாஜிஸ்திரேட் போடும் உத்தரவு. இதைப் போடுவது நீதிமன்றம், போலீஸ் அல்ல. தண்டனை என்பது கோர்ட்டில் நடக்கும் வழக்கு விசாரணை முழுவதும் முடிந்து, குற்றம் நிரூபணமான பிறகு வருவது. கைதுக்கும் தண்டனைக்கும் நடுவில் பல ஆண்டுகள் ஓடிவிடும். பல வழக்குகளில் தண்டனை வருவதே இல்லை.

சுருக்கமாக: கைதான செய்தி 'இவர்மீது சந்தேகம் இருக்கிறது' என்பதை மட்டுமே சொல்கிறது.

'செய்யலாம்' என்ற இடம்

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. வாரன்ட் இல்லாமல் கைது செய்யும் அதிகாரம் அதன் 35-ஆம் பிரிவில் இருக்கிறது. ஏழு ஆண்டு வரை தண்டனை கிடைக்கக்கூடிய குற்றங்களில், புகார் வந்துவிட்டது என்பதற்காக மட்டும் கைது செய்ய முடியாது. அவர் மேலும் குற்றம் செய்வார், சாட்சியை மிரட்டுவார், தடயத்தை அழிப்பார், கோர்ட்டுக்கு வராமல் போய்விடுவார், அல்லது அவர் வெளியே இருந்தால் விசாரணை சரியாக நடக்காது என்பது போன்ற ஒரு தேவை இருக்க வேண்டும். அந்தத் தேவையை அதிகாரி எழுதி வைக்க வேண்டும். தேவை இல்லையென்றால் நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்ல வேண்டும். சாதாரணத் திருட்டு, சிறு அடிதடி, வாய்த்தகராறு போன்றவை பெரும்பாலும் இந்த வகைக்குள் வந்துவிடும்.

1994-இல் ஜோகிந்தர் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அடிப்படையாகவே சொன்னது: கைது செய்ய அதிகாரம் இருப்பது ஒன்று, அதைப் பயன்படுத்தியதற்கு நியாயம் இருப்பது வேறு. 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போய், காரணம் எழுதாமல் கைது செய்யும் அதிகாரிமீது துறை நடவடிக்கை வரும் என்றது. கண்ணை மூடிக்கொண்டு ரிமாண்ட் போடும் மாஜிஸ்திரேட்டும் பதில் சொல்ல வேண்டும் என்றது. 2025-இல் இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. 'போன்ல வரச்சொன்னோம், வரல' என்று சொல்லிக் கைதை நியாயப்படுத்துவது அதனால் கடினம்.

ஆனாலும் பிரிவு சொல்வது 'கைது செய்யலாம்' என்றுதான். அந்த 'லாம்' இருக்கும் இடத்தில் அதிகாரியின் மனம் வேலை செய்கிறது. இதற்கு விருப்புரிமை என்று பெயர்: சட்டம் ஒரு எல்லை போட்டுக் கொடுத்து, அதற்குள் முடிவை அதிகாரியிடம் விடுவது. சாதி, இனம், மொழி சார்ந்த சாய்வு பெரும்பாலும் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான்.

சாய்வு எப்படி வேலை செய்கிறது

பச்சைத் தேயிலை எடை போடும் இடத்தை நினைத்துப் பாருங்கள். கிலோவுக்கு இன்ன விலை என்பது எல்லோருக்கும் ஒன்று. தராசும் ஒன்று. ஆனால் 'இலை ஈரமா இருக்கு, முத்தல் இருக்கு' என்று கழிவு பிடிப்பது எடை போடுபவரின் கண் மதிப்பு. ஒருவருடைய மூட்டையில் இரண்டு கிலோ, இன்னொருவருடைய மூட்டையில் ஐந்து கிலோ. அன்றைக்கு ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொண்டு 'பாரபட்சம்' என்று நிரூபிக்க முடியாது. இலை நிஜமாகவே ஈரமாக இருந்திருக்கலாம். எடை போடுபவரும் மனதறிந்து ஏமாற்றவில்லை என்றே நம்புவார். ஒரு சீசன் முழுவதற்குமான நோட்டைப் புரட்டி, ஒரே குடியிருப்பிலிருந்து வரும் மூட்டைகளுக்கே எப்போதும் ஐந்து கிலோ கழிவு என்று தெரிந்தால்தான் விஷயம் வெளியே வரும்.

போலீஸ் சந்தேகமும் இப்படித்தான். ஒரு தனி அதிகாரி கெட்டவரா என்ற கேள்வியில் நின்றுவிட்டால் எதுவும் பிடிபடாது. ஒரே மாதிரி நடத்தைக்கு ஒருவரை அனுப்பிவிட்டு இன்னொருவரை நிறுத்தி வைக்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஒருவர் செய்த செயலைப் பார்க்காமல் அவர் தோற்றம், சாதி, மொழி, குடியிருப்பு ஆகியவற்றை வைத்துச் சந்தேகப்படுவதை முத்திரைச் சந்தேகம் என்று இங்கே வைத்துக்கொள்வோம்.

பத்திரிகையில் அடிக்கடி வரும் ஒரு வாசகம் உண்டு: 'சந்தேகத்துக்கிடமான வகையில் நின்றிருந்தவரைப் பிடித்து விசாரித்ததில் முன்னுக்குப் பின் முரணாகப் பதிலளித்தார்.' இதை ஒரு பணியர் இளைஞர்மேல் பொருத்திப் பாருங்கள். வீட்டில் பேசுவது பணிய மொழி. பந்தலூர்ப் பக்கம் வெளியே மலையாளமும் தமிழும் கலந்து பேசுவார். 'நேத்து ராத்திரி எங்கடா இருந்த' என்று நான்கு பேர் சூழ்ந்து நின்று அதட்டினால், அவர் தெளிவாகப் பதில் சொல்வாரா? பயத்தில் முதலில் ஒன்று சொல்வார், கேள்வி புரிந்ததும் இன்னொன்று சொல்வார். அது பொய்யின் அடையாளமாக இருக்கலாம். மொழி புரியாததன் அடையாளமாகவும் இருக்கலாம். அறிக்கையில் இரண்டும் ஒரே வரியாகத்தான் பதிவாகும். அதே இடத்தில் நின்றிருந்த, சரளமாகத் தமிழ் பேசும் கடைக்காரரிடம் யாரும் கேள்வியே கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு சுழலும் உண்டு. திருட்டு நடந்தால் முதலில் ஒரே குடியிருப்பில்தான் தேடுகிறார்கள் என்று வையுங்கள். தேடும் இடத்தில்தானே எதுவும் கிடைக்கும்? வழக்கு அங்கேயே பதிவாகும். அடுத்த முறை 'பழைய ரெக்கார்டு இருக்கு' என்று மறுபடியும் அங்கேயே போவார்கள். சந்தேகம் பதிவை உண்டாக்குகிறது, பதிவு சந்தேகத்தை உறுதிப்படுத்துகிறது.

பிறப்பையே குற்றமாக்கிய சட்டம்

இந்தச் சுழலை ஒரு காலத்தில் அரசே சட்டமாக எழுதி வைத்திருந்தது. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சில குலங்களில் பிறந்தவர்களை மொத்தமாகவே குற்றவாளிகளாகப் பதிவு செய்தது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பதிவானவர்கள் ரேகை வைக்க வேண்டும், ஆஜர் கொடுக்க வேண்டும். இதை எதிர்த்த மதுரைப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். நாடு முழுவதும் 1952-இல்தான் சட்டம் ஒழிந்தது. ஆனால் 'வழக்கமான குற்றவாளிகள்' பற்றிய மாநிலச் சட்டங்களும், ஸ்டேஷன்களின் ரவுடி ஷீட்டுகளும் அந்தப் பழைய பார்வையைச் சுமந்துகொண்டே வந்தன.

2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சிறைகளில் இருந்த சாதிப் பாகுபாட்டு விதிகளை நீக்கியது. அதே தீர்ப்பில், சீர்மரபினரை, அதாவது அந்தப் பழைய குற்றப் பரம்பரைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சமூகத்தினரை, காரணமின்றிக் கைது செய்யாமல் இருக்க அர்னேஷ் குமார் தீர்ப்பின் நெறிகளைப் போலீஸ் பின்பற்ற வேண்டும் என்றும் சொன்னது. மேலே சொன்ன தேவை, காரணம், எழுத்து ஆகிய மூன்றும் வெறும் காகிதச் சடங்கு இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

கேம்பிரிட்ஜில் என்ன நடந்தது

கறுப்பினத்தவரும் போலீஸும் என்றால் அமெரிக்காவில் இதே பேச்சுதான். 2009 ஜூலை 16 அன்று மாசசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜில் நடந்தது நமக்குப் பாடமாகப் பயன்படும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ், கறுப்பினத்தவர், சீனாவிலிருந்து வீடு திரும்பினார். முன்கதவு சிக்கிக்கொண்டது. டாக்ஸி ஓட்டுநரும் அவரும் சேர்ந்து தள்ளினார்கள். வழியில் போன ஒருவர் போலீஸுக்குப் போன் செய்தார். வந்த வெள்ளையர் சார்ஜென்ட்டுக்கும் பேராசிரியருக்கும் வாக்குவாதம் முற்றியது. அது அவருடைய வீடுதான் என்று தெரிந்த பிறகும், பொது அமைதியைக் குலைத்தார் என்று சொல்லி வாசலில் வைத்துக் கைது செய்தார்கள். ஐந்து நாளில் வழக்கு கைவிடப்பட்டது. ஆனால் நாடே பிரிந்து நின்றது. அதிபர் ஒபாமா போலீஸ் முட்டாள்தனமாக நடந்துகொண்டது என்று சொன்னார். எதிர்ப்பு கிளம்பவே தணிந்து, இருவரையும் ஜூலை 30 அன்று வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார்.

இதில் கவனிக்க வேண்டியது பலர் மறந்துவிட்ட ஒரு விவரம். போன் செய்த பெண் 'முதுகுப்பையோடு இரண்டு கறுப்பின ஆண்கள்' என்று சொன்னதாகப் போலீஸ் அறிக்கையில் இருந்தது. அதை வைத்து அவரை இனவெறி பிடித்தவர் என்று ஊரே ஏசியது. பிறகு போன் ஒலிப்பதிவு வெளியானது. அதில் அவராக இனத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கேட்ட பிறகுதான், ஒருவர் ஹிஸ்பானிக் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்) போல இருந்தார், உறுதியாகத் தெரியவில்லை என்கிறார். ஒலிப்பதிவு வருவதற்குள் எல்லோரும் தீர்ப்பு எழுதி முடித்திருந்தார்கள்.

2010-இல் வந்த ஆய்வுக் குழு அறிக்கை, நிலைமையைத் தணிக்க இரு தரப்புக்கும் வாய்ப்பு இருந்தது, இருவரும் தவறவிட்டார்கள் என்றது. எனக்கு இந்த முடிவில் முழு உடன்பாடு இல்லை. கையில் விலங்கு வைத்திருப்பவருக்கும் தன் வீட்டில் நிற்பவருக்கும் பொறுப்பு சமமாக இருக்க முடியாது. ஆனால் அறிக்கை, ஒலிப்பதிவு, நேரம் என்று ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த முறை சரியானது.

இதுவரை பார்த்தது: சாய்வு நுழைவது விருப்புரிமை இருக்கும் இடத்தில். அதைக் கண்டுபிடிக்க உதவுவது பதிவுகள்.

எந்தப் பதிவுகள்?

ஒருவரைக் கைது செய்தால் கைதுக் குறிப்பு எழுத வேண்டும். பேச்சில் இதை அரெஸ்ட் மெமோ என்பார்கள். அதில் இடம், தேதி, நேரம் இருக்கும். குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும்; கைதானவரும் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும். அரசு மருத்துவரிடம் காட்டி, உடம்பில் காயம் இருந்தால் எழுதி வாங்க வேண்டும். விசாரணையின்போது, முழு நேரமும் இல்லாவிட்டாலும், வழக்கறிஞரைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும். 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள்தான் இவற்றில் பலவற்றுக்கு வேர்.

கைதுக்கான காரணத்தையும் எழுத்தில் கொடுக்க வேண்டும், அதுவும் கைதானவருக்குப் புரியும் மொழியில். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை எல்லாக் குற்றங்களுக்கும் பொருந்தும் என்று சொன்னது. உடனே எழுத முடியாத நிலை என்றால் வாயால் சொல்லலாம். ஆனால் ரிமாண்டுக்குக் கொண்டுபோவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் கொடுத்தாக வேண்டும். ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளியிடம் தமிழில் எழுதிய தாளை நீட்டிக் கையெழுத்து வாங்குவது போதாது.

மலையில் அதிகம் குழப்பம் வருவது 24 மணி நேரக் கணக்கில்தான். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22-ஆம் உறுப்பு. பயண நேரம் இதில் சேராது. ஆனால் சேராதது தேவையான பயண நேரம் மட்டுமே. நடுவட்டம் அருகே மரம் விழுந்து ஊட்டி சாலை மூடியிருந்தால், 'ரோடு இல்ல, நாளைக்குப் பார்க்கலாம்' என்று ஸ்டேஷனில் வைத்திருக்க முடியாது. வழக்கு எந்தக் கோர்ட்டுக்கு உரியதாக இருந்தாலும், அருகில் இருக்கும் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோகலாம் என்று புதிய சட்டம் தெளிவாகவே சொல்கிறது. ஞாயிறு, பண்டிகை என்பதும் காரணமாகாது. விடுமுறை நாளில் மாஜிஸ்திரேட் வீட்டிலேயே ஆஜர்படுத்துவார்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் இந்தக் கடிகாரத்தின் தொடக்கத்தில். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்து கூட்டிப்போனவரை, புதன்கிழமை மாலை பஸ் ஸ்டாண்டில் கைது செய்ததாகக் குறிப்பில் எழுதினால், இடையில் இருந்த ஒன்றரை நாள் காகிதத்தில் மறைந்துபோகும். காவலில் அடி விழுவது பெரும்பாலும் அந்த மறைந்த நேரத்தில்தான். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் பகுதியில் நகைத் திருட்டுப் புகாரில் விசாரணைக்குக் கூட்டிச் செல்லப்பட்ட கோயில் காவலாளி இறந்தபோது, அவரை முறையாகக் கைது செய்யவே இல்லை. 'விசாரணைக்குத்தான் அழைத்தோம்' என்ற சொல் எவ்வளவு ஆபத்தானது என்பதை மாநிலமே அப்போது பார்த்தது.

காக்கி ஒன்று, துறை வேறு

நீலகிரியிலும் பழனி மலையிலும் பழங்குடியினர் அதிகம் எதிர்கொள்வது வனத்துறையை. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் 1972, தமிழ்நாடு வனச்சட்டம் 1882 ஆகியவற்றின்படி வனத்துறைக்கும் கைது அதிகாரம் உண்டு. அதே 22-ஆம் உறுப்பு அவர்களையும் கட்டுப்படுத்துகிறது. 24 மணி நேரம், காரணம், வழக்கறிஞர் எல்லாம் அப்படியே பொருந்தும். ரேஞ்ச் ஆபீஸில் இரண்டு நாள் வைத்திருக்க எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

கொடுவாளும் தேன் டப்பாவும் வைத்திருக்கும் ஒரு குறும்பர் காட்டோரம் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி தேன் போன்ற சிறு வனப் பொருள்களைச் சேகரிப்பது காட்டில் வாழ்பவர்களின் உரிமை. கொடுவாள் அந்த வேலைக்கான கருவி. சந்தேகத்துக்கு இதற்கு மேல் ஏதாவது இருக்க வேண்டும்: இறைச்சி, கண்ணி, தோல் என்று ஏதோ ஒன்று.

காட்டைக் காக்க வந்தவர்கள் வரம்பு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் சந்தனமரம் தேடிப் போன வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் செய்த கொடுமைகளை அன்றைய அரசு மறுத்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு முடிவதற்குள் இறந்துவிட, மீதி 215 பேருக்கும் 2011-இல் தண்டனை கிடைத்தது. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

வன்கொடுமைச் சட்டம்: இரண்டு பக்கமும் தவறான புரிதல்

'பி.சி.ஆர். கேஸ் போட்டா பெயிலே கிடையாது, விசாரிக்காமயே உள்ள போட்டுடுவாங்க' என்று பேசிக்கொள்வார்கள். இங்கே பேசப்படுவது 1989-ஆம் ஆண்டின் எஸ்.சி., எஸ்.டி. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். இதில் முன்ஜாமீனுக்குத் தடை உண்டு. ஆனால் கைதான பிறகு ஜாமீன் கேட்கலாம். புகாரில் மேலோட்டமாகப் பார்த்தாலே இந்தச் சட்டக் குற்றம் இல்லை என்றால் முன்ஜாமீனும் தரலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், கைதுக்கு முன்பு மேலதிகாரி அனுமதி வேண்டும், முதல்கட்ட விசாரணை நடத்தலாம் என்றது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்து, ஏப்ரல் 2 அன்று பாரத் பந்த் நடந்தது. நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து, அந்த அனுமதி தேவையில்லை என்றாக்கியது. தேவையில்லை என்றது அனுமதிதான். கைது கட்டாயம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. 'தேவைப்பட்டால்' என்ற சொல் அதிலேயே இருக்கிறது.

பாதிக்கப்பட்டவர் பக்கம் வழக்கு தோற்பதற்கு வேறு காரணங்கள் உண்டு. விசாரணை அதிகாரி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையக் கூடாது. குறைந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். பழங்குடிச் சான்றிதழ் தருவது கோட்டாட்சியர். அது இல்லாத குடும்பங்கள் காடோரக் குடியிருப்புகளில் நிறைய. சாட்சிகள் அதே எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள், பிறழ்ந்துவிடுவார்கள். வழக்கு தள்ளுபடியானதும் 'பொய்க் கேஸ்' என்று ஊர் முடிவு கட்டும். நிரூபிக்க முடியாமல் போவதும் பொய்ப் புகாரும் ஒன்றல்ல.

இதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு: பழங்குடியினர்மீதோ பட்டியல் சாதியினர்மீதோ மற்றவர்கள் பொய்யான, உள்நோக்கமுள்ள குற்ற வழக்குத் தொடுப்பதும் வன்கொடுமைதான்.

ஊர்ப் பேச்சு வழக்கைக் கெடுக்கும் விதம்

கைதானவரின் படத்தைப் பரப்புவதுதான் முதல் கேடு. குற்றவாளியைச் சாட்சி அடையாளம் காட்ட வேண்டிய வழக்குகளில் அடையாள அணிவகுப்பு நடக்கும். ஒத்த தோற்றமுள்ள பலரோடு சந்தேக நபரை நிற்க வைத்து, மாஜிஸ்திரேட் முன்னிலையில் சாட்சியைக் காட்டச் சொல்வது அது. சாட்சி ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் முகத்தைப் பார்த்துவிட்டால் அந்த அணிவகுப்புக்கு மதிப்பு போய்விடும். குற்றவாளிக்குத் தண்டனை வேண்டும் என்று படத்தைப் பரப்புபவர், அவர் தப்பிக்க வழி செய்கிறார்.

'போலீஸிடம் ஒப்புக்கொண்டார்' என்ற செய்தியை நம்பி முடிவுக்கு வருவது இரண்டாவது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் சாட்சியம் ஆகாது. அவர் சொன்னதை வைத்துப் பொருள் ஏதாவது கண்டெடுத்தால், அது தொடர்பான அளவுக்கு மட்டுமே எடுத்துக்கொள்வார்கள்.

'குண்டாஸ்ல போடுங்க' என்று மறியல் செய்வது மூன்றாவது. 1982-ஆம் ஆண்டின் அந்தத் தமிழ்நாட்டுச் சட்டம் தடுப்புக் காவலுக்கானது, தண்டனைக்கானது இல்லை. குற்றம் நிரூபணமாகாமலே 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். 24 மணி நேரப் பாதுகாப்பு அங்கே கிடையாது. இன்றைக்கு எதிராளிக்குக் கேட்பது நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளைக்கும் வரும் என்பதை நினைத்துப் பார்த்துக் கேட்க வேண்டும்.

'யாரும் இவனுக்காக ஆஜராகக் கூடாது' என்ற குரலும் எழும். கோவையில் எழுந்த ஒரு வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் சங்கங்கள் இப்படித் தீர்மானம் போடுவது செல்லாது என்று கடுமையாகவே சொன்னது. 'பழங்குடிங்க எல்லாம் திருடனுங்க' என்ற வகைப் பதிவுகளும் வெறும் கருத்து இல்லை. அந்தச் சமூகங்களின்மீது வெறுப்பைத் தூண்டுவது வன்கொடுமைச் சட்டப்படி குற்றம்.

குடும்பம் உடனே செய்ய வேண்டியது

கூட்டிப்போன நேரம், வண்டி எண், வந்தவர்களின் பெயர், எந்த ஸ்டேஷன் என்பதை எழுதி வையுங்கள். அந்த நேரத்தைக் குறிப்பிட்டு மாவட்ட எஸ்.பி.க்கு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள். நகலை மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கும் அனுப்புங்கள். முன்பு இதற்குத் தந்தி கொடுப்பார்கள். 2013-இல் தந்தி சேவை நின்றுவிட்டது. பின்னால் கைதுக் குறிப்பில் வேறு நேரம் எழுதினால் இந்தத் தாள் பேசும்.

15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைத்தால் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. வன்கொடுமைப் புகார்களுக்கு 14566.

முதல் தகவல் அறிக்கையைப் பாருங்கள். பாலியல் குற்றம் போன்றவை தவிர மற்றவற்றை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும். இணைப்பு வசதி இல்லாத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை விலக்கு உண்டு. மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது, அடித்தார்களா என்று அவர் கேட்டால் கைதானவர் பயப்படாமல் சொல்ல வேண்டும், கேட்காவிட்டாலும் சொல்லலாம். தமிழ் சரியாக வராது என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அங்கேயே கேட்க வேண்டும்.

ஸ்டேஷன் சிசிடிவி பதிவுக்கு உடனே எழுதிக் கொடுங்கள். 2020-இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில், எல்லா ஸ்டேஷன்களிலும் ஒலியோடு பதிவாகும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு. இன்ன தேதி, இன்ன மணி முதல் இன்ன மணி வரை, வாசலும் லாக்கப்பும் எழுத்தர் அறையும் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். 'கேமரா ரிப்பேர்' என்று பதில் வந்தால், என்றைக்கு ரிப்பேர் ஆனது, மேலிடத்துக்கு என்றைக்குத் தெரிவித்தார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.